ஏழு நாள் தண்ணீர்

தென்சுவரில் பொரிந்து நின்ற சுண்ணாம்பைக் கொட்டாங்கச்சியால் சுரண்டிக்கொண்டிருந்த ஃப்ளோரா, வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டுத் திரும்பினாள். கணவனின் அண்ணன் ஸ்டானிஸ்லாஸ் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான், இரண்டு வாசலுக்கும் நடுவே பத்து எட்டுகூட இருக்காது. ஆனால் அந்தப் பத்து எட்டை நடந்து வர அவருக்கு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்குப் பின்னால், கயிறும் தார்ப்பாயும் விற்கிற காஜா மொய்தீன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, படியேறலாமா கூடாதா என்று யோசிப்பவர்போல நின்றார். ஃப்ளோரா கொட்டாங்கச்சியைக் கீழே வைக்கவில்லை. "வாங்க" என்ற சொல்லை மட்டும், அதுவும் மொய்தீனைப் பார்த்து, உதிர்த்தாள்.

ராயபுரத்தில் வீடு வைத்திருப்பது என்பது கடலோடு ஓயாமல் வழக்காடுவது. மூன்று தெரு தள்ளியிருந்தாலும் உப்புக்காற்று கதவுக் கீலைத் தின்னும். சன்னல் கம்பியைத் தின்னும். மாடித் தளத்தில் தட்டோடுகளின் இடுக்கில் இறங்கித் தேக்கு உத்தரத்தைத் தேடும். துறைமுகக் கிடங்கில் கிழிந்த சாக்குகளைத் தைத்துப் பிழைக்கிற ஃப்ளோரா, இந்த வழக்கில் ஒவ்வொரு ஆண்டும் தன் பக்கத்தைத் தவறாமல் வாதாடிவந்தாள். தவக்காலம் முடிந்ததும் வெள்ளையடிப்பு, கோடையில் தட்டோடு பார்ப்பது, ஆடியில் கதவுக்கு எண்ணெய், கார்ப்பரேஷன் வரிக்கு என்று தனியாக ஓர் ஓவல்டின் டப்பா. எல்லாம் உழைப்புக்குப் பணிந்தன. பணியாதது இந்தத் தென்சுவர் ஒன்றுதான். ஏனென்றால் அதன் நோய் வெளிப்பக்கத்தில் இருந்தது. வெளிப்பக்கம் ஸ்டானிஸ்லாஸின் மூன்றடிச் சந்தில் இருந்தது. பூசப்படாத செங்கல் ஒவ்வொரு ஐப்பசியிலும் மழையைக் குடித்து உள்ளறையில் கக்கியது. கட்டிலை நகர்த்தி, துணிப்பெட்டியைத் தூக்கி, மகள் ஐரீனின் புத்தகங்களை மேசைமேல் அடுக்கி, மார்கழி முடியும்வரை தாயும் மகளும் அறையின் பாதியில் வாழ்ந்தார்கள்.

"உக்காருங்க பாய்" என்றாள்.

மொய்தீன் உட்கார்ந்தார். ஸ்டானிஸ்லாஸ் உட்காரவில்லை, அவள் அவரை உட்காரச் சொல்லவும் இல்லை.

"விசயம் இன்னான்னா, இவுரு வூட்ட நான் பேசி முடிச்சிட்டேன்" என்றார் மொய்தீன். "அட்வான்ஸும் குடுத்துட்டேன். இப்ப வக்கீலு ஒரு பேஜார கெளப்புறாரு. இவுரு எப்பவோ கார்ப்பரேசன்ல ஒரு பிராது குடுத்துகீறாரு. ஒங்க சுவரு இவுரு மண்ணுல ஒரு சாண் ஏறிகீதுன்னு. அது தள்ளுபடி ஆயிடிச்சி. ஆனா காயிதம் கீது பாருங்க, காயிதம்! நாளைக்கு ஒங்களுக்கும் எனக்கும் வம்பு வரக்கூடாதுல்ல? எல்லைல தகராறு இல்லன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாத்தான் ரிஜிஸ்டர் பண்ணுவேன். எனக்கு வூடு வோணும், வம்பு வாணாம்."

ஃப்ளோரா தலைகுனிந்து கேட்டாள். குனிந்தது பணிவால் அல்ல. முகத்தில் எழுந்ததை அவர்கள் பார்க்கக் கூடாதென்று. ஸ்டானிஸ்லாஸ் எழுதிய பிராது அவர் கழுத்தையே வந்து சுற்றியிருக்கிறது! ஒன்பது ஆண்டுகளாகத் தினமும் இரவு செபத்தின் கடைசியில், வாய்விட்டுச் சொல்லாமல், அவள் கேட்டுவந்தது இந்த மாதிரி ஒரு காலைப் பொழுதைத்தான்.

மாமனார் அருள்பிரகாசம் விட்டுப்போன மனையை அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். தெற்குப் பாதி மூத்தவருக்கு, வடக்குப் பாதி அவள் கணவன் சவரிநாதனுக்கு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாமனார் நட்டுவைத்த இரண்டு எல்லைக் கற்கள். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்த சவரிநாதன் தன் பாதியின் பழைய மண்சுவரை இடித்துச் செங்கல்லில் எழுப்பினான். சுவர் தோளுயரம் வந்தபோது மூத்தவர், பின்மூலையில் ஒரு சாண் தள்ளிக் கட்டிவிட்டான் என்று பிராது கொடுத்தார். சர்வேயர் வந்து கல்லிலிருந்து கல்லுக்குச் சங்கிலி பிடித்தார். சுவர் கோட்டில்தான் நின்றது. ரயில்வேயில் கார்டாக இருந்து வெள்ளை உடுப்பும் விசிலுமாகத் தெருவில் நடந்த மனிதருக்கு அன்றோடு பெயர் மாறியது. தம்பியின் ஒரு சாண் மண்ணுக்கு ஆசைப்பட்டவர் என்று கோயில் வாசலில் பேசிச் சிரித்தார்கள். 'சாண் ஸ்டானி' என்று முதலில் சொன்னது ஃப்ளோராதான்; குழாயடியில், குடத்தை இடுப்பில் ஏற்றியபடி. அந்தப் பெயர் அவளைவிட வேகமாக வீடு போய்ச் சேர்ந்தது.

அந்த ஆண்டே மஞ்சள்காமாலையில் சவரிநாதன் போய்விட்டான். முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு, மழைக்கு முன் வெளிப்பூச்சு பூசிவிடலாம், சந்தில் சாரம் கட்டிக்கொள்ள விடுங்கள் என்று கேட்கப் போனாள். ஸ்டானிஸ்லாஸ் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே சொன்னார்: "இந்தச் சந்துல உன் நிழல்கூட வுழக் கூடாது." தாலியறுத்து முப்பது நாள் ஆன ஒருத்தியிடம்.

"கையெழுத்துதானே?" என்றாள் இப்போது. "போடறேன்."

மொய்தீன் மலர்ந்தார். "நான் சொல்லல? தங்கமான அம்மா!"

"மொதல்ல என் சுவரப் பூசணும். சந்துல சாரம் கட்டணும்."

"கட்டிக்கோ" என்றார் ஸ்டானிஸ்லாஸ். அவர் பேசிய முதல் வார்த்தை.

"செலவு என்னுது. அதுல ஒரு பைசா எனக்கு வாணாம். ஆனா பூசினா மட்டும் போதாதே. ஏழு நாளு காலைலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்தணும், இல்லாட்டி வெடிச்சிடும். அந்தத் தண்ணிய நீங்க ஊத்தணும் மாமா. உங்க கையால. கூலிக்கு ஆள் வெச்சீங்கன்னா கையெழுத்து கெடையாது."

மொய்தீன் இதை வேடிக்கை என்று எண்ணிச் சிரித்தார். பிறகு இருவர் முகத்தையும் பார்த்துச் சிரிப்பைக் கைக்குட்டைக்குள் மடித்துக்கொண்டார். ஸ்டானிஸ்லாஸ் பொரிந்த சுவரையே பார்த்தார். அறுபத்திரண்டு வயது. மனைவி இல்லை. பெரிய வீட்டின் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. அதைப் பார்க்கப் பென்ஷன் போதவில்லை. பெரம்பூர்க் குவார்ட்டர்ஸில் மகன் ஹென்றி ஓர் அறை ஒதுக்கி வைத்துக்கொண்டு, வீட்டை விற்றுவிட்டு வரச்சொல்லி வாரம் ஒரு தபால் கார்டு போட்டுக்கொண்டிருந்தான். இந்த மாதம் தவறினால் மொய்தீன் வேறு வீடு பார்த்துவிடுவார்.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

"ஆறு மணிக்கு. அப்புறம் அஞ்சு மணிக்கு" என்றாள். ஆனால் அவள் மனத்தில் வேறொரு கணக்கும் இருந்தது. ஏழு நாள் முடிந்து, எட்டாம் நாள் காலையில் அவர் காகிதத்தை நீட்டும்போது, பேனாவை வாங்கி, மூடியைத் திறந்து, மறுபடி மூடி அவரிடமே கொடுக்க வேண்டும். 'சந்துல என் நிழல் வுழக் கூடாதுன்னீங்களே மாமா, காயிதத்துல என் பேரு மட்டும் வுழலாமா?' அந்த வாக்கியத்தை அவள் அன்றிரவே மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, அவற்றில் மிக அமைதியானதைத் தேர்ந்துகொண்டாள்.

சிமெண்டு பர்மிட்டுக்கு மொய்தீனே அலைந்தார், அவசரம் அவருடையது. வேலைக்கு நீலமேகம் மேஸ்திரி வந்தார். ஒன்பது ஆண்டுக்கு முன் அந்தச் சுவரை எழுப்பியவரும் அவர்தான். பழைய செங்கல்லை விரலால் நெருடி, நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"உப்பு. அப்ப ஒங்க வூட்டுக் கெணத்துத் தண்ணிலதான கலவ போட்டோம்? ஒங்க வூட்டுக்காரரு, குழா தண்ணிக்கு எவன் நிப்பான், ஊத்துடா இதையேன்னாரு. இந்த வாட்டி அது ஆவாதும்மா. கலவைக்கும் சரி, நனைக்கவும் சரி, குழா தண்ணிதான்."

ஃப்ளோராவுக்கு இது எதிர்பாராத வரமாக வாய்த்தது. குழாய்த் தண்ணீர் என்றால் தெருக்குழாய். அங்கே நாற்பது குடங்களின் வரிசையில், அவர் பெயரை அறிந்த அத்தனை பெண்களுக்கும் நடுவே, அந்த மனிதர் குடத்தோடு நிற்க வேண்டும்.

பூச்சுக்கு முந்தைய நாள் நீலமேகம் சுவரின் அடியை ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டிச் சுத்தம் செய்தார். பிற்பகலில் பின்மூலையிலிருந்து அவர் குரல் வந்தது. "ஃப்ளோராம்மா, இங்க ஒரு நிமிசம் வந்துட்டுப் போங்க." குரலில் வழக்கமான எகத்தாளம் இல்லை. அவள் சந்துக்குள் கால் வைத்தாள். நிழல் நீளமாக முன்னால் விழுந்தது. அதை ரசிக்க நினைத்தாள். மேஸ்திரியின் முகம் விடவில்லை.

குழியில், கடைக்காலின் செங்கல்களுக்கு நடுவே, தலை உடைந்த கருங்கல் ஒன்று பல்போலத் துருத்திக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் உளியால் கொத்திய சின்னச் சிலுவை. மாமனார் தன் கற்களில் கொத்திவைத்த சிலுவை. முன்பக்கக் கல்லில் அவள் தினமும் பார்ப்பது அதையேதான். பின்பக்கக் கல்லில் மட்டும் ஏன் சிலுவை இல்லை என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"நூல் கட்டினவன் நான்தாம்மா" என்றார் நீலமேகம். "ஒரு ஞாயித்துக்கெழம. பெரியவரு கூட்ஸ் வண்டியோட அரக்கோணம் பூட்டாரு. ஒங்க வூட்டுக்காரரு வந்து, மேஸ்திரி, பின்னால மட்டும் ஒரு சாண் தள்ளிக் கட்டுன்னாரு. கல்லு கீதே நைனான்னேன். புடுங்கிப் பாத்தோம், வரல. சம்மட்டியால தலைய ஒடச்சிட்டு அது மேலயே கடக்கால் போட்டோம். புதுக் கல்லு ஒண்ண தள்ளி நட்டாரு. சர்வேயரு வந்து அளந்தது அதத்தான்."

"இத்தினி வருசம் ஏன் சொல்லல?"

"கூலிக்காரன் சொன்னா எடுபடுமா? அவரும் போய்ச் சேந்துட்டாரு. போனவரு பேரக் கெடுத்து நான் இன்னா மாடி கட்டப் போறேன்?"

அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அதுதான் கொடுமை. பூசைக்குப் போட்ட சட்டையும், முழங்கைவரை கல்தூளுமாகச் சவரிநாதன் வந்து, இரண்டு முறை கை கழுவினான். நண்டுக் குழம்பை ஊற்றச் சொல்லி, சாப்பிடும்போது தனக்குள் சிரித்துக்கொண்டான். சுவர் எழும்பியதும் உள்ளறையில் கட்டிலைக் குறுக்கே போட்டுக் காட்டி, "பாத்தியா, சரியா உக்காந்துச்சி" என்றான். அவளும் மகிழ்ந்தாள். எப்படி இடம் கிடைத்தது என்று கேட்கவில்லை. மனைவிமார் கேட்காமல் விடுகிற கேள்விகளில் ஒன்றாக அது கரைந்துபோயிற்று. ஒன்பது ஆண்டுகளாக அவள் உறங்கியது அந்த ஒரு சாணில். குழாயடியில் அவள் சூட்டிய பெயர் பொய்யை நம்பிச் சூட்டிய பெயர். ஆனால், தாலியறுத்தவளிடம் சொன்ன அந்தச் சொல்? அது பொய்யில்லையே! சாண் அவருடையதாக இருக்கட்டும். ஒன்பது மழைக்காலம் அவளுடையது. ஈரத்தில் இருமி இருமி ஐரீன் எழுதத் தவறிய பரீட்சை அவளுடையது. உண்மை தெரிந்த பிறகு வெறுப்பு தணியும் என்று எப்போதோ கோயில் வாசகத்தில் கேட்டிருந்தாள். அவளுக்கு அது தணியவில்லை. நிற்க இடமில்லாமல்போன ஒன்றைப் போல இன்னும் இறுகி அவளையே பற்றிக்கொண்டது.

"மண்ணத் தள்ளுங்க" என்றாள்.

"பெரியவராண்ட ஒரு வார்த்த..."

"மூடுங்க மேஸ்திரி."

நீலமேகம் மண்வெட்டியை எடுத்தார்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு ஸ்டானிஸ்லாஸ் வெள்ளை பனியனும் மடித்துக் கட்டிய வேட்டியுமாகக் குழாயடிக்கு வந்தார். கையில் பித்தளைக் குடம். பெண்கள் முதலில் வழிவிட்டார்கள். பிறகு விவரம் தெரிந்து வழி மறித்தார்கள்.

"இன்னா சாண் மாமு, வயலுக்குத் தண்ணி பாச்சுறியா?" என்றாள் மீன்கூடை கன்னியம்மா.

"வயலு இல்லடி, சுவரு. தம்பி பொண்டாட்டி சுவரு!"

"பச்சக்கொடி காட்டு மாமு, குடம் ரொம்பிடிச்சி!"

அவர் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். சந்துக்குள் போய், சொம்பில் மொண்டு, மேலிருந்து கீழாக, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, ஒரு விரல் இடமும் விடாமல் ஊற்றினார். காலையில் ஒன்பது குடம், மாலையில் ஒன்பது குடம். ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளறையில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த ஃப்ளோரா ஒவ்வொரு சொம்புத் தண்ணீரும் சுவரில் அறையும் ஓசையைக் கேட்டாள். அது அவள் நினைத்திருந்ததைப் போல இனிக்கவில்லை. இனிக்கவில்லை என்பதற்காக நிறுத்திவிடவும் மனம் வரவில்லை. இரண்டாம் நாளிலிருந்து குடத்தின் கழுத்து அவர் தோளில் சிவந்த வளையம் ஒன்றைப் பதித்திருந்தது.

நான்காம் நாள் மாலை ஐரீன் காப்பி டம்ளரோடு பின்கதவுப் பக்கம் போனாள்.

"எங்க போற?"

"பெரியப்பாவுக்கு."

"வெய்யி அத."

"இன்னாம்மா நீ? குழாயாண்ட எல்லாரும் சிரிக்கறாங்க. நாளைக்கு நான் ஆபீசுக்கு அந்த வழியாத்தான் போவணும். சிரிக்கறது அவர மட்டும்னு நெனச்சிகினு கீறியா?"

"அப்ப நம்ப பாதி ரூம்புல படுத்தப்ப எவ அழுதா?"

ஐரீன் டம்ளரை வைத்தாள். வைத்த வேகத்தில் காப்பி தளும்பித் தரையில் சிந்தியது. "நீ கையெழுத்துப் போடமாட்ட. எனக்குத் தெரியும்" என்றாள். ஃப்ளோரா ஊசியில் சணல் நூலைக் கோத்தாள். போடாவிட்டால் அவர் அழிவார். போட்டாலோ, எல்லையில் தகராறு இல்லை என்று எழுதிக்கொடுத்தாலோ, உடைந்த அந்தக் கல் என்றைக்கும் புதைந்தே கிடக்கும், சாண் அவளுடையதாகும். எந்தப் பக்கம் கை வைத்தாலும் வெற்றி அவளுக்கே. ஆறாம் நாள் இரவு செபத்தின் கடைசியில், வழக்கமாகக் கேட்கும் இடத்தில், கேட்பதற்கு அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஏழாம் நாள் மாலை மொய்தீன் முத்திரைத்தாளைக் கொண்டுவந்து ஐரீனிடம் கொடுத்துவிட்டு, "காலைல பத்து மணிக்கு வக்கீலோட வந்துடறேன்" என்று போனார். ஃப்ளோரா துணி எடுக்க மாடிக்கு ஏறினாள். கைப்பிடிச் சுவரின் மேலாக எட்டினால் சந்து முழுதும் தெரியும். இந்த ஏழு நாளும் அவள் எட்டிப் பார்க்கவில்லை, ஓசை போதுமாக இருந்தது. இன்று பார்த்தாள். பூச்சு பச்சை மாறிச் சாம்பல் நிறத்தில் இறுகியிருந்தது. எங்கும் ஒரு கீறல் இல்லை. ஸ்டானிஸ்லாஸ் முன்பக்கத்திலிருந்து நனைத்துக்கொண்டே பின்மூலைக்கு வந்திருந்தார்.

ஏழு நாளாகச் சுவரில் வழிந்த தண்ணீரெல்லாம் தாழ்வான அந்த மூலையில்தான் போய்த் தேங்கியிருக்க வேண்டும். இரண்டு சொம்பு ஊற்றினார். மூன்றாவதை ஊற்றியபோது நீலமேகம் தள்ளி மூடிய மண், நுரைத்த தண்ணீரோடு ஓசையின்றி உள்வாங்கியது. கருங்கல்லின் உடைந்த தலை வெளியே வந்தது. அடுத்துத் தண்ணீரே அதைக் கழுவிச் சிலுவையையும் காட்டியது.

சொம்பு பாதி உயரத்தில் நின்றுவிட்டது. ஃப்ளோரா காயவைத்த புடவையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டாள். அவர் இப்போது கத்துவார், வீடு விலைபோகாவிட்டாலும் சரி என்று தெருவையே கூட்டுவார், மொய்தீனின் பின்னாலேயே ஓடுவார். கன்னியம்மாவை, கோயில் வாசலை, இறந்துபோன தம்பியை எல்லாம் இங்கே இழுத்துவந்து காட்டுவார். அவர் கத்த வேண்டும் என்று அவள் விரும்பினாள். கத்தினால் அவளுக்கும் கத்தக் கிடைக்கும்.

ஸ்டானிஸ்லாஸ் குடத்தை இறக்கி வைத்தார். முழங்காலில் கை ஊன்றி மெல்லக் குந்தினார். கல்லின் மேல் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் ஒரு முறை துடைத்தார். சுவரை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். பிறகு விரல்களை விரித்து, கல்லிலிருந்து சுவரின் வெளிமுகம்வரை ஒரு சாண் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் கல்லில், சுண்டுவிரல் நுனி சுவரின் ஓரத்தில். அப்படியே சற்று நேரம் கையை எடுக்காமல் இருந்தார். தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பிச் சந்தின் வாயைப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. மேலே பார்க்கவில்லை.

பிறகு சந்தின் ஓரத்திலிருந்து காய்ந்த மண்ணை இரு கைகளாலும் அள்ளிக் கல்லின் மேல் போட்டார். ஒரு கை, இன்னொரு கை. சிலுவை மறைந்தது. உடைந்த தலையும் மறைந்தது. காலால் மிதிக்கவில்லை, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்தார். எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்து, கடிகாரத்தைப் பார்த்தார். குடத்தில் இன்னும் தண்ணீர் மீதி இருந்தது. சொம்பில் மொண்டு, அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் நிதானமாக ஊற்றத் தொடங்கினார்.